2026 கார்ல எதை மாத்தலாம், எதை மாத்தேலாது: டெஸ்டுக்கு முதல் என்ட கணக்கு

பொங்கல் முடிஞ்சு கராஜ் திறந்ததுல இருந்து நம்மட கல்லடிப் பொடியன்மார் கேக்கிற கேள்வி ஒண்டுதான், அண்ணா ஃபோர்முலா 1 ரேஸ்ல இந்த முறை ஆரு வெல்லுவான், மெர்சிடிஸ் எஞ்சின்தான் பெருசாமே, ஃபெராரில ஓடுற ஹமில்டனுக்கு இந்த வருசமாவது ஒரு நல்ல கார் கிடைக்குமா எண்டு. ஜனவரி மாசத்துல அதுக்கு ஆராலயும் பதில் சொல்லேலாது, அந்த டீம்கள்ல வேலை செய்யிற எஞ்சினியர்மாராலயும் ஏலாது. ஆனா 2026 ஜனவரி 26 ஆம் திகதி பார்சலோனால டெஸ்ட், அதான் ரேஸ் தொடங்க முதல் காரை ஓட்டிப் பாக்கிறது, தொடங்குது, அதுல எதைப் பாக்கணும், எதைப் பாக்கத் தேவையில்ல எண்டு சொல்லேலும். நான் சொல்ல வாறது இதுதான்: புது ரூல்ஸ் வாற வருசத்துல முதல் டெஸ்ட்ல ஆருட கார் வேகம் எண்டுறத விட்டுருங்க. எல்லா டீமும் ஏதோ ஒரு இடத்துல பிழையா முடிவெடுத்துத்தான் இருப்பாங்க, அந்தப் பிழை மே மாசத்துக்குள்ள திருத்தக் கூடிய இடத்துல இருக்கா, இல்லாட்டி அடுத்த வருசம் வரைக்கும் கைவைக்கேலாத இடத்துல இருக்கா எண்டுறதப் பாருங்க.

ரூல்ஸ் என்னென்ன மாறுது எண்டு கெதியாச் சொல்லிட்டுப் போறன், தெரிஞ்சவங்க இந்தப் பந்தியத் தாண்டலாம். 1.6 லீட்டர் வி6 டர்போ எஞ்சின் அப்பிடியே இருக்கு, ஆனா அதுல இருந்து வாற பவர் ஏறத்தாழ 550 கிலோவாட்டில இருந்து 400க்கு இறங்குது. மின்சார மோட்டர், அதான் எம்ஜியூ-கே, 120 கிலோவாட்டில இருந்து 350க்கு ஏறுது, கிட்டத்தட்ட மூணு மடங்கு. டர்போவோட சேர்ந்து சுத்தி எக்ஸோஸ்ட் காத்துல இருந்து கறண்ட் எடுத்துக் குடுத்த எம்ஜியூ-எச் அடியோட போச்சு. எரிபொருள் நிலத்துக்கடியில தோண்டி எடுக்காத, புதுசாச் செய்யிற வகை, 100 வீதமும். வீல்பேஸ் கூடினது 3600 மில்லிமீட்டரா இருந்தது இப்ப 3400, அகலம் 2000 இல இருந்து 1900, ஆகக்குறைஞ்ச பாரம் 800 கிலோவில இருந்து 768. டயரும் ஒல்லியாகுது, முன்னுக்கு 25 மில்லிமீட்டர், பின்னுக்கு 30. காரை நிலத்தோட உறிஞ்சிப் பிடிக்கக் கீழ இருந்த பெரிய வெஞ்சுரி குழிகள் எல்லாம் சுருங்கி அடித்தளம் முந்தினத விடத் தட்டையாகுது. முந்திறதுக்காகப் பின் விங்க மட்டும் திறந்த டிஆர்எஸ் இனி இல்ல, அதுக்குப் பதிலா முன் விங், பின் விங் ரெண்டும் நேர் ரோட்டுல படுக்கும், வளைவு வரக்க நிமிரும், அது எல்லாக் காருக்கும் எல்லா லாப்பும் உண்டு, முன்னால போறவனுக்குக் கிட்ட நிக்கணும் எண்டு இல்ல. எஞ்சினும் பொடியும் ரெண்டும் ஒரே வருசத்துல இவ்வளவு மாறுறது சரியான அபூர்வம்.

இதுக்குள்ள எல்லாத்தையும் விட எனக்குப் பெருசாப் படுறது ஒரு கணக்கு. பற்றரில ஒரே நேரத்துல ஏத்தி இறக்கக் கூடிய அளவு 4 மெகாஜூல் எண்டு ரூல். மோட்டர் 350 கிலோவாட். நாலாயிரம் கிலோஜூல முன்னூற்றம்பதால பிரிச்சுப் பாருங்க, 11.4 செக்கன். அவ்வளவுதான். நிறைஞ்ச பற்றரியோட ஒரு கார் முழுப் பவர்ல போனா பதினொரு செக்கன்ல பற்றரி காலி, மறுகா அது வெறும் 400 கிலோவாட் கார், ஆயிரம் குதிரைச் சக்தி இருந்த கார் ஐந்நூற்றி நாற்பது குதிரைக்கு வந்துரும், அதுவும் நேர் ரோட்டுட நடுவுல. ஒரு லாப்புல பிடிச்சு ஏத்தக் கூடிய கறண்ட் கூடினது 8.5 மெகாஜூல் அளவு, அதை அப்பிடியே செலவழிச்சாலும் 24 செக்கன். மொன்ஸா மாதிரி ஒரு ட்ராக்ல ஒரு லாப் ஏறத்தாழ 80 செக்கன், அதுல முக்கால்வாசிக்கு மேல கால் முழுசா அமத்தித்தான் இருக்கும். அப்ப மிச்ச நேரத்துக்கு என்ன செய்யிற?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு டீமும் குடுக்கிற பதில்தான் 2026 கார். பிறேக் பிடிக்கிற நேரத்துல கறண்ட் எடுக்கலாம், அது எல்லாரும் செய்யிறது. வளைவுக்கு முதல் கொஞ்சம் வெள்ளன்னே காலை எடுத்து உருட்டி விட்டு எடுக்கலாம், அதால நேரம் போகும். வளைவுக்குள்ள ஒரு கியர் குறைச்சுப் போட்டு எஞ்சினை உயரச் சுத்த வைச்சு அதுல இருந்து எடுக்கலாம். நேர் ரோட்டுல கால் முழுசா அமத்தி இருக்கக்கயே எஞ்சின் பவர்ல ஒரு பங்கை மோட்டர் பக்கம் திருப்பி பற்றரிய ஏத்தலாம், அப்ப ரோட்டுட கடைசில கார் வேகம் கூடாம நிண்டுரும், பாக்கிற ஆக்களுக்கு எஞ்சின் பழுதாப் போச்சோ எண்டு இருக்கும். இதுல எதை எந்த ட்ராக்ல எந்த மூலைல செய்யிற எண்டுறது சொஃப்ட்வெயார் வேலை, அதை வெள்ளிக்கிழமை இரவு கூட மாத்தலாம். ஆனா கறண்ட் எடுக்கிற வேகத்துக்கு ஏத்த மாதிரி குளிராக்கிற வசதி காருக்குள்ள இருக்கா எண்டுறத வெள்ளிக்கிழமை இரவு மாத்தேலாது.

இந்த இடத்துல எனக்கு என்ட தொழில்ல இருந்து ஒண்டு சொல்லணும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுல இருந்து 2025 பெப்ரவரில திரும்பத் திறக்கும் வரைக்கும் இங்க புதுக் கார் வரவேயில்ல, அதனால மட்டக்களப்புல ஓடுற ஹைபிரிட் கார் எல்லாத்தையும் ஆக்கள் பற்றரி மாத்தி மாத்தித்தான் ஓட்டினாங்க, நம்மட கராஜ்ல அந்த வேலைதான் கூட. பற்றரி செத்துட்டு எண்டு கொண்டு வாற காரக் கழட்டிப் பாத்தா கனக்க நேரம் செல்லுல ஒரு குறையும் இராது, பின் சீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற காத்து போற வழி தூசியால அடைச்சு, உள்ளுக்கு வெக்கை ஏறி, நடுவுல இருக்கிற செல் மட்டும் முதல்ல போயிருக்கும். கரையில இருக்கிற செல் புதுசு மாதிரி நிக்கும். வெக்கைதான் பற்றரிட ஆயுசைத் தீர்மானிக்குது எண்டுறத இந்த ஊர் வெயிலுக்குள்ள வேலை செய்யிற எனக்கு ஆரும் படிச்சுத் தரத் தேவையில்ல. இப்ப அந்தப் பற்றரிய 350 கிலோவாட்டில ஏத்தி இறக்கி, ஒரு லாப்புக்கு ரெண்டு தரத்துக்கு மேல நிறைச்சுக் காலியாக்கி, ஒண்டரை மணித்தியாலம் விடாம ஓடுறத நினைச்சுப் பாருங்க.

அப்ப ரேடியேட்டர் எவ்வளவு பெருசு வைக்கிற? பெருசா வைச்சா பக்கத்துப் பொடி அகலமாகும், பின்பக்கம் போற நல்ல காத்து குறையும், காத்துத்தடை கூடும், பாரமும் கூடும். சின்னதா வைச்சா கார் வடிவா இருக்கும், விங் நல்லா வேலை செய்யும், ஆனா பஹ்ரைன் வெயிலுக்குள்ள ஓடக்க பவர குறைச்சுத்தான் ஓடணும். காத்து வாய்ப் பக்கத்துல ஓட்டை வெட்டி, மேல மூடில பிளவு வைச்சுக் கொஞ்சம் சரிக்கட்டலாம், ஆனா ரேடியேட்டர் இருக்கிற இடமும் அதுக்கான பைப் போற வழியும் ட்ரைவர் இருக்கிற நடுக்கூடான மொனொகொக்கோட சேர்த்து போன வருசமே முடிவாகின விசயம். 2015 இல மெக்லாரன் ஹொண்டாவோட சேர்ந்து இதைத்தான் செய்தாங்க, பின்பக்கத்த ஆகலும் ஒடுக்கி எடுக்கணும் எண்டுறதுக்காக ஹொண்டா டர்போட காத்த அமத்திற கம்பிரெசர எஞ்சினுட வி இடைவெளிக்குள்ளயே வைச்சுச் சுருக்கினாங்க. இடம் இல்லாததால கம்பிரெசர் சின்னது, கம்பிரெசர் சின்னது எண்டதால பவரும் இல்ல நேர் ரோட்டுல கறண்டும் இல்ல, டெஸ்ட்ல லாப் ஓடவே ஏலாமப் போச்சு, அந்த வருசம் அலொன்சோவும் பட்டனும் ஓட்டின டீம் 27 புள்ளியோட ஒன்பதாவது இடம். ரெண்டு உலகச் சாம்பியன்மார். அந்த முடிவ வருச நடுவுல மாத்த வழியே இல்ல, முழு எஞ்சினையும் புதுசா வரைஞ்சாத்தான் ஏலும், கடைசியா 2017 இல தான் அவங்க அந்த அமைப்ப விட்டாங்க.

டர்போவும் இதே கதைதான். எம்ஜியூ-எச் இருந்த காலத்துல அந்த மோட்டரே டர்போவச் சுத்தி வைச்சிருக்கும், ட்ரைவர் கால் வைச்ச உடன பவர் வரும். இப்ப அது இல்ல. பெரிய டர்போ போட்டா மேல்வேகத்துல பவர் கூட, ஆனா மெதுவான வளைவுல இருந்து வெளிய வரக்க சுத்தத் தொடங்கப் பிந்தும், ரேஸ் தொடங்குற நேரம் லைட்டுக்கு முதல் எஞ்சினை உறுமி உறுமி வைச்சிருக்கணும். சின்ன டர்போ கெதியாச் சுத்தும், மேல பவர் குறையும். மோட்டரால அந்த இடைவெளிய மறைக்கலாம், ஆனா மறைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பதினொரு செக்கன்ல இருந்துதான் கறண்ட் போகுது.

பிறேக்கையும் சொல்லிரணும். மோட்டர் பின் சில்லுல மட்டும்தான் இருக்கு. அது 350 கிலோவாட்டில கறண்ட் எடுக்கக்க பின்பக்கப் பிறேக் வேலைல பெரும்பங்க அதே செய்யும், அப்ப பின் டிஸ்கச் சின்னதாக்கிப் பாரத்தக் குறைக்கலாம் எண்டு ஒரு ஆசை வரும். ஆனா பற்றரி நிறைஞ்சு போய் இனி ஏத்தேலாது எண்டு நிக்கிற நேரத்துலயோ, மோட்டர் பழுதாகிற நேரத்துலயோ, அந்தச் சின்ன டிஸ்க்தான் முழுசாத் தாங்கணும். ட்ரைவருக்குக் காலுக்குக் கீழ ரெண்டு நேரமும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லாட்டி அவன் அந்தக் காரை நம்ப மாட்டான். ட்ரைவர் நம்பாத கார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா வரைஞ்ச காரா இருந்தாலும் பிரியோசனம் இல்ல.

விங் விசயத்துல நான் கொஞ்சம் சந்தோசப்படுறன். முந்தி ஒரு ட்ராக்குக்குப் போகக்க பெரிய விங்கா சின்ன விங்கா எண்டு ஒரே ஒரு சண்டை, வளைவுக்கு நல்லதெண்டா நேர் ரோட்டுக்குக் கூடாது. இப்ப ரெண்டு விங்கும் படுக்கிறதால வளைவுக்கு நல்லாப் பெரிய விங் வைச்சிட்டு நேர் ரோட்டுல அதப் படுக்க வைச்சிரலாம், பழைய சண்டை பாதி தீர்ந்து போகும். ஆனா புதுச் சண்டை ஒண்டு வரும்: முன் விங்கும் பின் விங்கும் நிமிர்ற நேரம் ஒண்டுக்கொண்டு ஒத்து வரணும், பிறேக்குல கால் வைக்கிற அந்த நொடில பின்னுக்கு ஒட்டு இல்லாமப் போனா காரு சுத்திரும். இது மாதிரிக் காருக்குக் காத்த ஊதிப் பாக்கிற காத்துச் சுரங்கத்துல நிண்ட இடத்துல வைச்சுப் பாத்து முழுசா விளங்கிற விசயம் இல்ல. முந்திச் செல்ல தனியா ஒரு வசதி இருக்கு, முன்னால போறவனுக்கு ஒரு செக்கனுக்குள்ள நிண்டா. மற்ற நேரம் 290 கிலோமீட்டர் வேகத்துல இருந்து மோட்டர் பவர் படிப்படியாக் குறைஞ்சு 345 இல பூச்சியமாகணும் எண்டு ரூல், துரத்திறவனுக்கு மட்டும் 337 வரைக்கும் முழுப் பவர் கிடைக்கும். முந்திறவன் மறுகா அடுத்த நேர் ரோட்டுல வெறும் பற்றரியோட நிப்பான், அதையும் யோசிச்சுத்தான் முந்தணும். எனக்கு இது பிடிச்சிருக்கு, கனக்க ட்ரைவர்மாருக்குப் பிடிக்கேல்ல.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன். 2022 ஆம் ஆண்ட எடுங்க, அதுவும் புது ரூல்ஸ் வருசம். பார்சலோனா டெஸ்ட்ல கார் எல்லாம் நேர் ரோட்டுல துள்ளத் தொடங்கிட்டு, போர்பொய்சிங் எண்ட சொல்ல நாங்க எல்லாரும் பழகினது அப்பதான். அடுத்த டெஸ்டுக்கு பஹ்ரைனுக்கு வரக்க மெர்சிடிஸ் பக்கத்துப் பொடியே இல்லாத மாதிரி ஒரு கார் கொண்டு வந்தாங்க. நான் அந்தப் படத்தப் போன்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தன், அவ்வளவு வடிவு. அந்த வருசம் அவங்களுக்கு வெற்றி ஒண்டே ஒண்டு, பிரேசில்ல ரசல். அடுத்த வருசமும் அதே யோசனையோட வந்தாங்க, 2023 மொனாக்கோல பக்கத்துப் பொடிய முழுசா மாத்தினாங்க, ஆனா ட்ரைவர் இருக்கிற இடம் முன்பக்கம் தள்ளி இருந்தது மாத்தேலாது, முன் சில்லுக்குக் கிட்ட இருக்கிறன், காரு என்ன செய்யுதெண்டு விளங்குதில்ல எண்டு ஹமில்டன் திரும்பத் திரும்பச் சொன்னார். மொனொகொக்க வருச நடுவுல புதுசா அடிக்கக் காசுக் கட்டுப்பாடு விடாது, நேரமும் இல்ல.

அதே 2022 இல ரெட் புல் என்ன நிலைமைல தொடங்கினாங்க? கார் பாரம் கூட. அந்த வருசம் அல்ஃபா ரோமியோவத் தவிர கிட்டத்தட்ட எல்லாருக்கும் பாரம் கூடித்தான் இருந்தது, டீம்கள் காரில பெயின்ற் சுரண்டினாங்க, ரூல் போடுற எஃப்ஐஏயே ஆகக்குறைஞ்ச பார எல்லைய 795 இல இருந்து 798 கிலோவுக்கு ஏத்தினாங்க. பத்துக் கிலோ கூடினா ஒரு லாப்புக்கு ஏறத்தாழ 0.3 செக்கன் போகும் எண்டுறது எல்லாரும் பாவிக்கிற கணக்கு. முதல் ரேஸ்ல பஹ்ரைன்ல ரெட் புல்லுட ரெண்டு காரும் எரிபொருள் சரியா வராம கடைசி லாப்புகள்ல நிண்டு போச்சு, ஒரு புள்ளியும் இல்ல. அண்டைக்கு இரவு பாத்தவங்க ஃபெராரிக்குத்தான் இந்த வருசம் எண்டு படுத்திருப்பாங்க. ஆனா பாரம் குறைக்கலாம். எரிபொருள் பிரச்சினையத் திருத்தலாம். கீழ் தளம், சஸ்பென்சன் போட்ட இடம், ரேடியேட்டர் வைச்ச இடம் எல்லாம் சரியா இருந்தது, மாதாமாதம் பாரம் இறங்க இறங்க வேகம் ஏறிச்சு, வெர்ஸ்டாப்பன் 15 ரேஸ் வெண்டார். ஒரு கார் முதல் நாள் பழுதாகி நிண்டதால கூடாத கார் இல்ல, ஒரு கார் முதல் நாள் வடிவா இருந்ததால நல்ல காரும் இல்ல. பிழை எந்தப் பாகத்துல இருக்கு எண்டுறதுதான் கேள்வி.

இந்த வருசம் அதே பாரப் பிரச்சினை இன்னும் கடுமையா வரும். மோட்டரும் அதைச் சுத்தி இருக்கிறதும் பெருசாகுது, விங்க அசைக்கிற சாமான் முன்னுக்கும் பின்னுக்கும் புதுசா வருது, அதுக்குள்ள 32 கிலோ குறையணும். கனக்க டீம் மேல நிக்கும் எண்டு நினைக்கிறன். கறுப்புக் காபன் வெளிய தெரியிற கார்களப் பாத்தா விளங்கும், அது ஸ்டைலுக்கு விட்டதில்ல.

அடுத்தது, பழைய காரை எப்ப கைவிடுற எண்டுற முடிவு. இதைப் பத்தி ஆக்கள் கதைக்கிறது குறைவு, ஆனா புது ரூல்ஸ் வருசத்துல இதுதான் ஆகப் பெரிய விலை. 2009 உம் புது ரூல்ஸ் வருசம். அதுக்கு முந்தின 2008 இல மெக்லாரன்ல ஓடின ஹமில்டனும் ஃபெராரில ஓடின மாஸாவும் பிரேசில் கடைசி ரேஸ் கடைசி லாப் வரைக்கும் சண்டை பிடிச்சாங்க, ஹமில்டன் ஒரு புள்ளியால வெண்டார். மெக்லாரனும் ஃபெராரியும் கடைசி வரைக்கும் அந்தக் காருக்கே வேலை செய்தாங்க. அதே வருசம் ஹொண்டா காரு பின்னுக்கு நிண்டு இழுபட்டது, டீம் தலைவர் ரோஸ் பிரோன் அந்தக் காரை வெள்ளன்னே விட்டுட்டு 2009க்கு வேலை செய்யச் சொன்னார். டிசம்பர்ல ஹொண்டா கொம்பனியே விலகிட்டு, டீமை அவர் எடுத்தார், மெர்சிடிஸ் எஞ்சின் பிந்தி வந்ததால பின்பக்கத்த வெட்டி ஒட்ட வேண்டி வந்தது, மார்ச் மாசம்தான் கார் ட்ராக்கில ஓடிச்சு, ஆனா பட்டன் முதல் ஏழு ரேஸ்ல ஆறு வெண்டார். அந்த வருசம் வந்த கெர்ஸ் எண்ட மின்சார உதவிய மெக்லாரனும் ஃபெராரியும் போட்டாங்க, 60 கிலோவாட், ஒரு லாப்புக்கு 6.6 செக்கன். பிரோன் அதைப் போடவேயில்ல, அந்தப் பாரத்த எங்க வேணுமோ அங்க வைச்சுக் காரைச் சமநிலைப்படுத்தினார். ஒண்ட வேணாம் எண்டு விட்டதும் ஒரு டிசைன்தான். இந்த வருசம் அந்தச் சுதந்திரம் ஆருக்கும் இல்ல, 350 கிலோவாட்ட வேணாம் எண்டு விடேலாது.

2025 இலயும் அதே கதை திரும்ப நடந்திருக்கு. ஃபெராரி ஏப்ரல் முடிவோட அந்த வருசக் காருட ஏரோ வேலைய, அதான் காத்துக்கு ஏத்த மாதிரி பொடி வரையிற வேலைய, நிப்பாட்டிட்டாங்க எண்டு டீம் தலைவர் வாசர் மறுகாதான் வெளிய சொன்னார். அந்த முடிவுட விலைய நாங்க வருசம் முழுக்கப் பாத்தம், ஒரு ரேஸ் வெற்றியும் இல்ல, நாலாவது இடம், ஹமில்டனுக்கு ஞாயிற்றுக்கிழமை ரேஸ்ல ஒரு போடியம் கூட இல்ல. அல்பின் இன்னும் மோசம், கடைசி இடத்தையே ஏத்துக்கொண்டாங்க, எஞ்சினையும் மாத்தி மெர்சிடிஸ் எஞ்சினுக்குப் போறாங்க. மற்றப் பக்கம் ரெட் புல், டச் ரேசுக்குப் பிறகு முதல் இடத்துக்கு 104 புள்ளி பின்னால நிண்ட வெர்ஸ்டாப்பனுக்குப் புதுச் சாமான் ஒவ்வொண்டாக் கொண்டு வந்து குடுத்து, அபுதாபி கடைசி ரேஸ்ல 2 புள்ளியாலதான் நொறிஸ் வெண்டார். புயலடிச்ச கிழமை கத்தார் ரேஸ் கறண்ட் இல்லாமப் பாக்கேலாமப் போச்சு, அபுதாபி ரேஸ எப்பிடியும் பாக்கணும் எண்டு எல்லாரும் ஒரு வீட்டுல கூடினம், அந்த இரவ நான் மறக்க மாட்டன். ஆனா ரெட் புல் அந்த மாசங்கள்ல காத்துச் சுரங்கத்துல செலவழிச்ச ஒவ்வொரு மணித்தியாலமும் 2026 காருல இருந்து எடுத்ததுதான். அது பிரியோசனமா இல்லையா எண்டு இந்த வருசம் தெரியும். சொந்தமா எஞ்சின் முதல் முதல் செய்யிற வருசத்துல அப்பிடிச் செய்ய எவ்வளவு துணிவு வேணும்.

சுரங்க நேரத்துலயும் எல்லாரும் சமன் இல்ல. சாம்பியன் டீமுக்கு 70 வீதம், பத்தாவது டீமுக்கு 115 வீதம், ஒவ்வொரு இடத்துக்கும் அஞ்சஞ்சு வீதம் கூடும். 2026 காருக்கு ஏரோ வேலை தொடங்க 2025 ஜனவரி வரைக்கும் தடை இருந்தது. அந்த முதல் ஆறு மாசம் மெக்லாரனுக்கு ஆகக் குறைய, சோபருக்கு ஆகக் கூட. அந்த சோபர்தான் இப்ப ஔடி. அவங்களுக்கு எஞ்சின் புதுசு எண்டாலும் பொடிக்கு ஆகக் கூடின நேரம் கிடைச்சிருக்கு, இத ஆரும் பெருசாக் கணக்கெடுக்காம இருக்கிறாங்க எண்டுறது என்ட எண்ணம்.

ஆனா சுரங்கம் எல்லாத்தையும் சொல்லாது. உள்ளுக்கு வைக்கிறது 60 வீத அளவு மாதிரி, காத்து வேகம் செக்கனுக்கு 50 மீட்டருக்கு மேல போகேலாது, அதாவது 180 கிலோமீட்டர். உண்மைக் கார் 330 இல போகக்க துள்ளுறத அதுக்குள்ள எப்பிடிப் பாக்கிற? 2022 இல கனக்கப் பேர் ஏமாந்தது இதாலதான். அதால டெஸ்டுட முதல் வேலை வேகம் போறதில்ல, கொம்பியூட்டர் சொன்னதும் ட்ராக் சொல்றதும் ஒண்டா எண்டு பாக்கிறது. காருல பச்சை நிற எண்ணெய்ப் பெயின்ற் பூசி ஓடுவாங்க, முன் சில்லுக்குப் பின்னால வேலி மாதிரி ஒரு கம்பிச் சட்டம் கட்டி ஒரே வேகத்துல நேர் ரோட்டுல போவாங்க. பாக்கிறதுக்கு அலுப்பு, ஆனா அந்த இலக்கமும் சுரங்க இலக்கமும் ஒத்துப் போனா அந்த டீம் இனிக் கொண்டு வாற ஒவ்வொரு புதுச் சாமானும் வேலை செய்யும். ஒத்துப் போகாட்டி வருசம் முழுக்கக் கண்ணக் கட்டிக்கொண்டு ஓடணும்.

போன வருசம் டெஸ்ட் மொத்தமே மூணு நாள். இந்த முறை பார்சலோனால 26 தொடக்கம் 30 வரை அஞ்சு நாள், அதுல ஒரு டீம் மூணு நாள் ஓடலாம், வெளி ஆக்களுக்குக் கதவு மூடித்தான் நடக்குது. மறுகா பஹ்ரைன்ல பெப்ரவரி 11 தொடக்கம் 13, 18 தொடக்கம் 20. எல்லாமா ஒன்பது நாள். கதவ மூடினதுக்குக் காரணம் இதே மாதிரி புது எஞ்சின் வந்த 2014 எண்டுதான் நான் நினைக்கிறன். அந்த வருசம் ஜெரஸ் டெஸ்ட்ல நாலு வருசம் தொடர்ந்து சாம்பியனான ரெட் புல் நாலு நாள்ல 21 லாப் ஓடினாங்க, புகை, வெக்கை, மூடிய வெட்டி ஓட்டை போட்டும் சரிவரேல்ல. மெர்சிடிஸ் 309 லாப். நேரப் பட்டியல் எதுவும் பாக்காம அந்த ரெண்டு இலக்கத்த மட்டும் பாத்தவனுக்கு அந்த வருசத்துட பெரும்பகுதி விளங்கியிருக்கும், மெர்சிடிஸ் 19 ரேஸ்ல 16 வெண்டாங்க. ஆனா ரெட் புல்லும் மிச்ச மூணையும் ரிக்கார்டோவால வெண்டு ரெண்டாவதா வந்தாங்க எண்டுறதையும் சொல்லணும், ஏனெண்டா அவங்கட பொடி நல்லம், எஞ்சின்தான் பிந்தி நிண்டது. வில்லியம்ஸ் 2019 இல கார் கட்டி முடியாம டெஸ்டுக்கு ரெண்டரை நாள் பிந்தி வந்தாங்க, அந்த வருசம் முழுக்க ஒரு புள்ளி.

அதால லாப் நேரத்த விடுங்க. எவன் எவ்வளவு எரிபொருளோட ஓடுறான், மோட்டர எவ்வளவு திறந்து விட்டிருக்கிறான் எண்டு வெளிய ஆருக்கும் தெரியாது, இந்த முறை பற்றரியால அந்த மறைப்பு இன்னும் கூட. எஞ்சின் வாரியா லாப்பக் கூட்டிப் பாருங்க. மெர்சிடிஸ் எஞ்சின் நாலு டீமுல ஓடுது: மெர்சிடிஸ், மெக்லாரன், வில்லியம்ஸ், அல்பின். ஃபெராரிக்கு ஃபெராரி, ஹாஸ், புதுசா வாற கடிலாக். ரெட் புல்லும் ஃபோர்டும் சேர்ந்து செய்ததுக்கு ரெண்டு. ஹொண்டாவுக்கு அஸ்டன் மார்ட்டின் மட்டும், ஔடிக்கு ஔடி மட்டும். ஒரு நாளைக்கு ஒரு டீம் ஒரு கார்தான் ஓடலாம், அப்ப ஒரு நாள்ல மெர்சிடிஸ் நாலு கார்ல படிக்கிறத ஹொண்டா ஒரு கார்ல படிக்கணும், அந்த ஒரு கார் காலமை பழுதாகி நிண்டா அண்டைக்கு ஒண்டும் படிக்கேலாது. பேர்போன டிசைனர் நியூவி அவங்களுக்கு வரைஞ்ச கார் எவ்வளவு அற்புதமா இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, அதான் அஸ்டன் மார்ட்டின நினைச்சா எனக்குக் கவலையா இருக்கு.

ரூலுக்குள்ள ஓட்டை தேடுற வேலையும் நடக்குது. எஞ்சினுக்குள்ள காத்தையும் எரிபொருளையும் எவ்வளவு அமத்துற எண்டுற அளவு, அதான் கம்பிரெசன் ரேசியோ, 18 இல இருந்து 16க்கு இறக்கினாங்க, ஆனா அளக்கிறது எஞ்சின் குளிர்ந்து நிக்கக்க, ஓடி வெக்கையான நேரம் அதக் கூட்டுற வழிய ஆரோ கண்டுபிடிச்சிட்டாங்க எண்டுதான் இப்ப சண்டை. 2009 இல காருட பின்னடியால காத்த வெளிய விடுற ரெட்டை டிஃப்யூசருக்கும் இதே மாதிரித்தான் முறைப்பாடு போச்சு, சரி எண்டு தீர்ப்பு வந்தது, மற்றவங்க பின்னால ஓடிப் போய்ச் செய்தாங்க. டிஃப்யூசர ரெண்டு மாசத்துல செய்யலாம். எஞ்சின் உள்பக்கத்த ரெண்டு மாசத்துல செய்யேலாது.

என்ட ஆசை என்னெண்டா ஃபெராரி அந்த ஏப்ரல் முடிவுக்குப் பலன் பாக்கணும், ஹமில்டன் மேடையில நிக்கிறதத் திரும்பப் பாக்கணும். என்ட கணக்கு என்னெண்டா, மெர்சிடிஸ் எஞ்சின் உள்ள ஒரு டீம் முதல் ரேஸ் நடக்கிற மெல்பேர்ன்ல முன்னுக்கு நிக்கும், ஆனா யூலை மாசத்துல முன்னுக்கு நிக்கிறது பஹ்ரைன்ல மூடிய வெட்டாம, வெயிலுக்குள்ள நீளமா ஓடின காரா இருக்கும். பஹ்ரைன் டெஸ்ட்ல பின்னேரம் ரேஸ் தூரத்துக்கு ஒரே மூச்சில ஓடுறவங்கள வடிவாக் கவனிங்க, அதுட கடைசி பத்து லாப்புல நேர் ரோட்டுட முடிவுல வேகம் விழுதா எண்டு பாருங்க. பஹ்ரைன் தொடங்கின உடன ஒவ்வொரு நாளும் பின்னேரம் எஞ்சின் வாரியா லாப் கணக்க இங்க போடுறன். மெல்பேர்ன் ரேஸ் மார்ச் 8 ஞாயிறு, நம்மட நேரம் காலமை ஒன்பதரைக்கு. கல்லடிப் பக்கம் இருக்கிறவங்க கராஜுக்கு வாங்க, டீவிய நான் கொண்டு வாறன்.